தோர்னி மடத்துக் கணக்குப் புத்தகத்தை முதன்முறை திறப்பவருக்கு

ஆக்ஸ்போர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரி நூலகத்தில் 17 என்று எண்ணிட்ட கையெழுத்துப் புத்தகம் ஒன்று இருக்கிறது. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலத்தில், தீவு மாதிரி மேடாக இருந்த தோர்னி என்ற இடத்து மடத்தில், 1110ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதியது. உள்ளே காலண்டர் இருக்கிறது. ஈஸ்டர் அட்டவணை, உலகப் படம், மருந்துக் குறிப்பு, ரத்தம் எடுக்கும் நாள், அபாகஸ் கணக்கு, ரூன் எழுத்துகள், காற்றுகளின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. பீட் என்ற பழைய துறவி காலத்தைப் பற்றியும் இயற்கையைப் பற்றியும் எழுதிய மூன்று நூல்களும் முழுசாக இருக்கின்றன.

பட்டியலைப் பார்த்தால் பலசரக்குக் கடை போலத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்து, கண்ணில் பட்ட படத்தையெல்லாம் புரட்டிவிட்டு ஒன்றும் விளங்காமல் மூடிவைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இதைத் திறக்க வேண்டிய இடம் வேறு. இந்தப் புத்தகத்துக்கு அச்சாணி ஒன்று உண்டு: அடுத்த ஈஸ்டர் என்றைக்கு? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக இடம் பிடித்து உட்காரும். அந்தக் கலைக்குக் கம்ப்யூடுஸ் என்று பெயர். லத்தீனில் கணக்கு என்று பொருள். லத்தீன் தெரியாதவர்களும் கீழே உள்ளதை அப்படியே செய்து பார்க்கலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

எங்கே பார்ப்பது, எண்ணை எப்படிப் படிப்பது

ஆக்ஸ்போர்டு போக வேண்டியதில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2007இல் இந்தப் புத்தகம் முழுவதையும் இணையத்தில் வைத்தது. ஃபெய்த் வாலிஸ் என்ற வரலாற்றாசிரியர் ஏடு ஏடாக விளக்கம் எழுதியிருக்கிறார். ஒரு தாவலில் படம், இன்னொன்றில் விளக்கம் என்று திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிப் புத்தகங்களில் பக்க எண் கிடையாது, ஏட்டு எண்தான். ஒவ்வோர் ஏட்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு முகம். விரித்து வைத்த புத்தகத்தில் வலப்புறம் தெரிவது முன்பக்கம். அதைத் திருப்பினால் இடப்புறம் வருவது அதே ஏட்டின் பின்பக்கம். இது பழகாவிட்டால் விளக்கம் ஓரிடத்திலும் படம் வேறிடத்திலும் நிற்கும்.

7ஆம் ஏட்டின் பின்பக்கத்தை இப்போதைக்குத் தாண்டுங்கள்

எந்தக் கட்டுரையில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் படித்தாலும் கூடவே வரும் படம் அது: வண்ண வண்ணமாக வளைவுகள், நான்கு மூலைகள், எங்கு பார்த்தாலும் எழுத்து. அழகுதான். ஆனால் அது முடிவுரை. முடிவுரையிலிருந்து தொடங்கினால் தலை சுற்றும். நேராகக் காலண்டருக்குப் போங்கள். 16ஆம் ஏடு முதல் 21ஆம் ஏடு வரை, பக்கத்துக்கு ஒரு மாதம்.

காலண்டரில் ஒரே ஒரு வரி

மார்ச் மாதத்தை எடுப்போம், 17ஆம் ஏட்டின் முன்பக்கம். தலையில் பெரிதாகக் கே, எல் என்ற இரண்டு எழுத்துகள் தெரியும். அது ‘கலெண்டே’ என்பதன் சுருக்கம், மாதத்தின் முதல் நாள். அதன் கீழே வரிக்கு ஒரு நாள்.

அக்காலக் காலண்டர்களின் பொது அமைப்பு இது. இடது ஓரத்தில் சில நாட்களுக்கு மட்டும் ஒரு ரோமன் எண் இருக்கும். அடுத்து ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். பிறகு ரோமானிய முறைத் தேதி. கடைசியில் அன்றைய புனிதர் அல்லது திருநாள். சில காலண்டர்களில் கூடுதல் பத்திகளும் இருக்கும், பயப்பட வேண்டாம்.

புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். இடது ஓரத்து எண்ணைத் தேதி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் நினைத்தேன். ஒன்றுக்கடுத்து இரண்டு வராமல் மூன்று, அப்புறம் பதினொன்று, அப்புறம் பத்தொன்பது என்று தாவுவதைப் பார்த்து, எழுதியவர் தூங்கிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது. அது தேதியே இல்லை. 19 ஆண்டுச் சக்கரத்தில் எத்தனையாவது ஆண்டில் அந்த நாளில் அமாவாசை கழிந்து புது நிலா பிறக்கும் என்பதைச் சொல்லும் எண். பிற்காலத்தில் இதற்குப் பொன்னெண் என்று பெயர் வந்தது. 19 சூரிய ஆண்டும் 235 நிலா மாதமும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதுதான் இதற்கு அடிப்படை. பஞ்சாங்கத்தில் திதி பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

தேதிப் பத்திதான் கொஞ்சம் தொல்லை. ரோமானியர்கள் முன்னோக்கி எண்ணவில்லை. வரப்போகும் குறிநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கி எண்ணினார்கள், இரண்டு முனை நாட்களையும் சேர்த்து. ஏப்ரல் 10க்கு ‘ஏப்ரல் ஈடெஸுக்கு நான்கு’ என்று பெயர். ஈடெஸ் என்பது மாத நடுவில் வரும் குறிநாள், ஏப்ரலில் அது 13. 13, 12, 11, 10 என்று எண்ணினால் நான்கு. மார்ச் 22 ‘ஏப்ரல் கலெண்டேக்குப் பதினொன்று’. மாதம் மார்ச்தான், பெயரில் மட்டும் ஏப்ரல். இதைப் பார்த்துக் குழம்பாதவர் இல்லை. மேலிருந்து கீழே வரியை எண்ணிக்கொண்டால் போதும், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1110ஆம் ஆண்டு ஈஸ்டரைக் கண்டுபிடிப்போம்

சரி, கணக்குக்கு வருவோம். விதி இதுதான்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமி என்பது இங்கே நிலாவின் 14ஆம் நாள். அதுவே ஞாயிறாக அமைந்தால் ஒரு வாரம் தள்ள வேண்டும்.

ஆண்டோடு ஒன்றைக் கூட்டி 19ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 1111ஐ 19ஆல் வகுத்தால் மீதி 9. அதுதான் பொன்னெண். (மீதி எதுவும் இல்லாவிட்டால் 19 என்று கொள்ள வேண்டும்.)

மார்ச் பக்கத்தின் இடது ஓரத்தில் 9ஐத் தேடுங்கள். நாம் பள்ளியில் படித்த ரோமன் ஒன்பதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அந்தக் காலத்து எழுத்தர்கள் பெரும்பாலும் ஐந்தின் குறியை எழுதி நான்கு கோடு போட்டு ஒன்பது என்பார்கள். அது மார்ச் 25க்கு எதிரே இருக்க வேண்டும். கபிரியேல் தூதர் மரியாளிடம் செய்தி சொன்ன திருநாள் அது என்பதால் வரியை அடையாளம் காண்பது எளிது. அன்று நிலாவுக்கு வயது ஒன்று. அதையும் சேர்த்துப் பதினான்கு எண்ணினால் ஏப்ரல் 7.

இனி ஞாயிறு வேண்டும். அதற்குத்தான் ஏழு எழுத்துகள். ஜனவரி 1க்கு ஏ, 2க்கு பி என்று தொடங்கி ஆண்டு முழுதும் இந்த எழுத்துகள் மாறுவதில்லை. எந்த எழுத்து ஞாயிறு என்பதுதான் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆண்டோடு 9ஐக் கூட்டி 28ஆல் வகுத்தால் வரும் மீதி, 28 ஆண்டுச் சூரியச் சக்கரத்தில் அந்த ஆண்டின் இடம். 1119ஐ வகுத்தால் மீதி 27. அந்த இடத்துக்கு உரிய எழுத்து பி. ஏப்ரல் 7க்கு எதிரே எஃப். அடுத்து 8க்கு ஜி, 9க்கு ஏ, 10க்கு பி. ஆக, 1110இல் ஈஸ்டர் ஏப்ரல் 10. முடிந்தது.

இன்னொன்று நீங்களே போட்டுப் பாருங்கள். நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066ஐ எடுங்கள். பொன்னெண் 3, ஞாயிறு எழுத்து ஏ. மூன்று மார்ச்சில் இரண்டு இடத்தில் வரும், 1ஆம் தேதியிலும் 31ஆம் தேதியிலும். முதலாவதை எடுத்தால் பௌர்ணமி மார்ச் 14, அதாவது 21க்கு முந்தி, செல்லாது. இரண்டாவதை எடுத்தால் ஏப்ரல் 13, எழுத்து இ. அங்கிருந்து ஏ வரை போனால் ஏப்ரல் 16. லீப் ஆண்டானால் இரண்டு எழுத்து உண்டு. பிப்ரவரி கடைசிக்குப் பிறகு இரண்டாவதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

19ஐயும் 28ஐயும் பெருக்கினால் 532. அத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஈஸ்டர் தேதிகள் அதே வரிசையில் திரும்ப வரும். புத்தகத்தில் பின்னால் வரும் ஈஸ்டர் அட்டவணைகள் ஏன் அவ்வளவு நீளம் என்பது இப்போது புரியும்.

கையில் இருக்கிற கருவி

மடத்தில் எல்லோரிடமும் இந்தப் புத்தகம் இருக்காது. கை இருக்கும். பீட் 725இல் எழுதிய காலக் கணக்கு நூலின் முதல் அத்தியாயமே விரல் எண்ணிக்கைதான். இடது கையின் கடைசி மூன்று விரல்கள் ஒன்று முதல் ஒன்பது வரைக்கும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் பத்துகளுக்கும். வலது கையில் அதே சைகைகள்: பத்துக்கானவை நூறாகவும், ஒன்றுக்கானவை ஆயிரமாகவும் மாறும். இரண்டு கையில் 9999 வரை காட்டலாம்.

1110ஐக் காட்டிப் பாருங்கள். இடது சுட்டுவிரலின் நகத்தைக் கட்டைவிரலின் நடு மூட்டில் வையுங்கள்: பத்து. வலது கையிலும் அதையே செய்யுங்கள்: நூறு. கூடவே வலது சுண்டுவிரலை மட்டும் உள்ளங்கை நடுவை நோக்கி மடக்குங்கள்: ஆயிரம். ஃபோன் வைத்திருக்கும் கையோடு இது வராது, கீழே வைத்துவிடுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது மூட்டுக் கணக்கு. ஒரு கையில் விரல் மூட்டுகள் 14, நகங்கள் 5. சேர்ந்தால் 19, நிலாச் சக்கரம். நகங்களை விட்டுவிட்டு இரண்டு கையின் மூட்டுகளை மட்டும் எண்ணினால் 28, சூரியச் சக்கரம். மேலே நாம் வகுத்துப் பார்த்த இரண்டு எண்களும் கையிலேயே இருக்கின்றன. பீட் இதில் குறும்பும் காட்டுகிறார். ஒவ்வோர் எழுத்துக்கும் அகரவரிசை எண்ணைக் கொடுத்தால் விரலாலேயே ரகசியம் பேசலாமாம். திருடர்களுக்கு நடுவில் நிற்கும் நண்பனுக்கு 3, 1, 20, 19, 5 என்றும் பிறகு 1, 7, 5 என்றும் காட்டினால், லத்தீனில் ‘ஜாக்கிரதையாக இரு’ என்று ஆகிவிடும்.

அதே நூலில் நிலா வெளிச்சத்துக்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. வளர்பிறையில் நிலாவின் வயதை நான்கால் பெருக்கி ஐந்தால் வகுத்தால், அன்றிரவு அது எத்தனை மணி நேரம் ஒளிரும் என்று வரும். ஐந்தாம் நாள் நான்கு மணி நேரம். பதினைந்தாம் நாள் பன்னிரண்டு, அதாவது முழு இரவு. கடல் ஏற்றம் நாளுக்கு நாள் தாமதமாவதற்கும் அவர் சொல்லும் அளவு இதே ஐந்தில் நான்கு பங்கு மணிதான். சந்திரனும் கடலும் ஒரே கணக்கில் நடக்கின்றன என்று கண்டுகொண்டவர். பூமி பந்து போல எல்லாப் பக்கமும் உருண்டை என்றும் அதே நூலில் எழுதியிருக்கிறார். இடைக்காலத்தவர் பூமியைத் தட்டை என்று நம்பினார்கள் என்று யாராவது சொன்னால் இந்தப் புத்தகத்தைக் காட்டலாம்.

நூல் பகுதிகளின் எழுத்தைப் படிக்க ஆசைப்பட்டால் இரண்டு குறி மட்டும் முதலில் போதும். உயிரெழுத்தின் தலையில் சிறு கோடு இருந்தால் பின்னால் ஒரு ம் அல்லது ன் விட்டுப்போயிருக்கிறது. பி எழுத்தின் காலில் குறுக்குக் கோடு இருந்தால் ‘பெர்’. மற்றவை பழகப் பழக வரும்.

இப்போது அந்தப் பெரிய படம்

7ஆம் ஏட்டின் பின்பக்கத்துக்குத் திரும்புங்கள். இதை வகுத்தவர் பிர்ட்ஃபெர்த், பக்கத்து ராம்சே மடத்துத் துறவி. ஃபிரான்சின் ஃப்ளூரி மடத்திலிருந்து அப்போ என்ற பெரிய அறிஞர் 985இல் வந்து இரண்டு ஆண்டு ராம்சேயில் பாடம் சொன்னார். அவருடைய மாணவர் இவர். அந்தப் பாடம் நூறு ஆண்டுக்கு மேல் கடந்து தோர்னிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மூலைகளிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பருவம், ஒரு பூதம், ஒரு வயது. வசந்தம், காற்று, 14 வயது வரை சிறுபிள்ளை. கோடை, நெருப்பு, 28 வரை இளமை. இலையுதிர் காலம், நிலம், 48 வரை நடுவயது. குளிர்காலம், நீர், 70 அல்லது 80 வரை முதுமை. இவற்றை இணைக்கும் வளைவுகளில் மாதங்களும் ராசிகளும், சுற்றிலும் பன்னிரண்டு காற்றுகளும். கிழக்கு மேலே இருக்கிறது, வடக்கு அல்ல. நம் மேப் பழக்கத்தை மறந்துவிட்டுப் பாருங்கள்.

நடுவில் நான்கு திசைகளின் கிரேக்கப் பெயர்கள்: அனதோலே, டூசிஸ், ஆர்க்டோஸ், மெசெம்பிரியா. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. கிரேக்க எழுத்தில் நான்கின் முதல் எழுத்தையும் சேர்த்தால் ஆதாம். காலண்டரில் கணக்காக ஓடிய மாதமும் பருவமும் கடைசியில் ஒரு மனிதனைச் சுற்றி நிற்கின்றன.

இதே படத்தின் இன்னொரு பிரதி பிரிட்டிஷ் நூலகத்தின் ஹார்லி 3667ஆம் புத்தகத்தில் இருக்கிறது, பீட்டர்பரோ மடத்துப் பிரதி. அருகருகே வைத்துப் பார்த்தால் எழுத்தர்கள் எதை மாற்றினார்கள் என்று தெரியும்.

மருந்துப் பக்கங்கள்

இவை ஏன் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன என்று இனிக் கேட்க மாட்டீர்கள். ரத்தம் எடுப்பதும் மருந்து கொடுப்பதும் நிலாவின் வயதையும் நாளையும் பார்த்துத்தான். காலண்டரிலேயே ‘எகிப்திய நாட்கள்’ என்று சில கெட்ட நாட்கள் உண்டு, மாதத்துக்கு இரண்டு. ஜனவரிக்கு வழக்கமாக 1உம் 25உம். ராகு காலம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இத்தகைய தொகுப்புகளில் வரும் இன்னொரு வட்டம், நோயாளி பிழைப்பாரா என்று சொல்லும். பெயரின் எழுத்துகளுக்கு உரிய எண்களோடு அவர் படுக்கையில் விழுந்த நாளின் நிலா வயதைக் கூட்டி, 30ஆல் வகுத்து, மீதி வட்டத்தின் மேல் பாதியில் இருக்கிறதா கீழ் பாதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே என்றால் பிழைத்தார். ஈஸ்டருக்குப் போட்ட அதே வகுத்தல்தான்.

லண்டனில் இருக்கும் ஐந்து ஏடுகள்

ஈஸ்டர் அட்டவணைகளுக்கு வரும்போது ஒன்று கவனியுங்கள். அட்டவணையில் வரிக்கு ஓர் ஆண்டு என்பதால், ஓரத்தில் அந்த ஆண்டு நடந்ததை ஒரு வரி குறித்து வைக்கும் வழக்கம் மடங்களில் உண்டு. தோர்னிக்காரர்களும் குறித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறிப்புகள் உள்ள ஐந்து ஏடுகள் இப்போது இந்தப் புத்தகத்தில் இல்லை. ராபர்ட் காட்டன் என்ற சேகரிப்பாளரின் தொகுப்புக்குப் போய், பிரிட்டிஷ் நூலகத்தில் காட்டன் நீரோ சி. 7 என்ற புத்தகத்தில் 80 முதல் 84 வரை கட்டுண்டு கிடக்கின்றன. ஒரு புத்தகத்தைப் படிக்க இரண்டு ஊர் போக வேண்டிய நிலை இந்தத் துறையில் சாதாரணம்.

கடைசியாக, அட்டவணையை வானத்தோடு ஒப்பிடுங்கள்

இந்தக் கணக்கு எவ்வளவு சரி? 19 ஆண்டுக்கு ஒருமுறை சுமார் ஒன்றரை மணி நேரம் பிசகும். ஏறக்குறைய 300 ஆண்டில் ஒரு நாள். பழைய அட்டவணையோடு 12ஆம் நூற்றாண்டு வரை வந்தவர்களுக்கு அது கண்ணில் படத் தொடங்கிவிட்டது. மேற்கு இங்கிலாந்தில் மால்வெர்ன் மடத்தின் வால்ச்சர், 1092 அக்டோபர் 18 அன்று வந்த சந்திர கிரகணத்தை அஸ்ட்ரோலேப் என்ற வான் அளவைக் கருவி கொண்டு அளந்து, அட்டவணை ஒத்துவரவில்லை என்று கண்டு புதிதாக ஒன்றைப் போட்டார். பிறகு ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரஸ் அல்ஃபோன்சியிடம் அரபு வானியலும் கற்றார். தோர்னி புத்தகத்தில் அந்தப் புதுக் காற்று வீசவில்லை. அது பழைய முறையைத் துப்புரவாகத் திரட்டி வைத்த புத்தகம்.

வால்ச்சரின் சோதனையை நீங்களும் செய்யலாம், புத்தகம் எழுதிய அதே காலத்துக்கு. பீட்டர்பரோ மடத்து ஆண்டுக்குறிப்பு 1110க்குச் சொல்கிறது: மே மாதத்தின் ஐந்தாம் இரவு, மாலையில் பிரகாசமாக இருந்த நிலா கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, அடியோடு மறைந்துபோயிற்று. சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டுமே வரும். இப்போது அட்டவணைக்குப் போங்கள். மார்ச் 25இல் பிறந்த நிலா மாதத்துக்கு 29 நாள். அடுத்த பிறை ஏப்ரல் 23. அதை ஒன்றாக வைத்து மே 5 வரை விரலில் எண்ணுங்கள்.

பதின்மூன்று வரும்.